நனையாத இடுப்புப் பை

சாவுச் செய்தி எனக்கு எப்போதும் வேலையாகத்தான் வந்து சேரும். தென்காசியில் சுவரொட்டியும் ஃப்ளெக்ஸும் அடித்துக் கொடுக்கிற கடை வைத்திருப்பவனுக்கு வேறு எப்படி வரும்? அன்று காலையிலிருந்து சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. ஒருவர் நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, "அண்ணாச்சி, ஒரு கண்ணீர் அஞ்சலி அடிக்கணும்" என்றார். நான் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பெருசா, சின்னதா? போட்டோ இருக்கா?" என்றேன். எல்லோரிடமும் அப்படித்தான் கேட்பேன். அவர் என் கைபேசிக்குப் படத்தை அனுப்பினார். மங்கலாக இருந்த படம் கொஞ்ச நேரம் கழித்துத் தெளிந்தபோது, முதலில் தெரிந்தவை பைகள். நெஞ்சு முழுக்கப் பைகள் வைத்துத் தைத்த, கையில்லாத பச்சைச் சட்டை. அதே சட்டை அந்த நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால், கடைச் சுவரின் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன்.

"இது இசக்கிமுத்துல்லா?" என்றேன்.

"ஆமா, எங்க அத்தான். நேத்து சாயங்காலம் ஆத்துல போயிட்டாவ. காலையிலதான் உடம்பு கெடச்சுது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். அக்காதான் உங்ககிட்டயே குடுக்கணும்னு சொல்லிவிட்டா."

எத்தனையோ வீட்டு மரணங்களை அச்சடித்தவன் நான். ஆற்றொணாத் துயரம், ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று சொற்களைத் தயாராக அடுக்கி வைத்திருக்கிறேன். பெயரை மாற்றினால் போதும், யாருக்கும் பொருந்தும். அன்றைக்கு அவற்றில் ஒன்றைக்கூட எடுத்து வைக்க எனக்குக் கை வரவில்லை. வந்திருந்த மச்சினர், "பட்டாளத்துல இருந்தவிய. ஒரு உயிரக் காப்பாத்திட்டுத்தான் போயிருக்காவ. வீர மரணம்னு போடலாம்லா?" என்று கேட்டார். அக்காவிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். அவர் போனில் கேட்டார். எதிர்முனையில் இசக்கிமுத்துவின் மனைவி செல்வி மைனியின் குரல் எனக்கே கேட்டது. "பேரு மட்டும் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்." அப்படியே அடித்துக் கொடுத்தேன். சுவரொட்டியில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். வங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலாளியாக அவரை அறிந்தவர்கள் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிற்றாற்றங்கரையில் அவரோடு நின்றவர்களும் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இது.

நான் அவரை முதலில் பார்த்தது சுந்தரபாண்டியபுரத்தில். சூரியகாந்தி பூத்திருந்த சமயம். கல்யாண ஃப்ளெக்ஸுக்குப் பின்னணியாக வைக்கப் பூந்தோட்டத்தைப் படமெடுக்கப் போயிருந்தேன். கார்களில் வந்த கூட்டம் பூவுக்கு முன்னால் நிற்காமல் குளத்துக்கரையில் நின்றது. என்னவென்று எட்டிப் பார்த்தால், ஒரு மனிதர் நீளக் கம்பைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தார். மஞ்சள் நூல் ஒன்று காற்றில் வளைந்து வளைந்து போய்வந்தது. ஷூட்டிங்கா என்று ஒருவர் கேட்டார். நெஞ்சில் இருந்த பைகளைப் பார்த்து, வெடிகுண்டு எடுக்கிறவராக இருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். எனக்கு வாய் சும்மா இருக்காது. பக்கத்தில் போய், "என்னவே, பெட்டிக்கடைய நெஞ்சுல மாட்டிட்டு வந்திருக்கீரு?" என்றேன். அவர் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு பையைத் திறந்து, கடலை மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினார். "பெட்டிக்கடைன்னா இது இருக்கணும்லா" என்றார். நாங்கள் சிநேகமானது அப்படித்தான்.

அவர் போட்டது ஈத்தூண்டில். கோழி இறகையும் நூலையும் சின்னக் கொக்கியில் கட்டி ஈயைப் போலச் செய்வார். அதைத் தண்ணீர்மேல் இறக்கினால், ஈதான் விழுந்திருக்கிறது என்று மீன் வாயைத் திறக்கும். இமாச்சலப் பக்கம் பணியில் இருந்தபோது, அங்குள்ள மலையாறுகளில் ஓர் அதிகாரியோடு நின்று கற்றுக்கொண்டதாம். ஓய்வு பெற்றபோது அந்த அதிகாரி கொடுத்ததுதான் பச்சைச் சட்டை. அன்று ஒரு கெண்டை மாட்டியது. கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்து, கொக்கியைக் கழற்றி, திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டார். கூட்டத்தில் நின்ற வாத்து மேய்க்கிறவர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "ஏ அண்ணாச்சி, விடுததுக்கா இம்புட்டு நேரம் நின்னீரு?" என்று கத்தினார். இசக்கிமுத்து சிரித்துக்கொண்டே அடுத்த வீச்சுக்கு நூலை இழுத்தார்.

வீட்டில் இதற்கு வேறு விதமான கேலி. ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்காது என்று, திரும்பும் வழியில் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு போவார். ஒரு முறை நானும் இலஞ்சியில் அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். செல்வி மைனி குழம்பை ஊற்றிக்கொண்டே, "குத்தாலத்து ஆத்துல சாளை மீனு பிடிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு எங்க வீட்டுக்காரருதான் அண்ணாச்சி" என்றார். கடல் மீன் எப்படி ஆற்றில் வந்தது என்று இசக்கிமுத்து கடைசிவரைக்கும் விளக்கம் சொல்லவில்லை.

பச்சைச் சட்டையை அவர் விட்டதற்கு ஒரு நாள் காரணமாக இருந்தது. ஐந்தருவிக்குக் கீழே, ஆறு சமவெளியைத் தொடுகிற இடத்தில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றிருந்தார். நான் வழக்கம்போலக் கரையில். எனக்குத் தண்ணீரென்றால் பயம், அதை நான் மறைத்ததில்லை. அவர் காலடியில் கல் புரண்டது. ஆள் உள்ளே போனார். மேலே வந்தபோது சட்டையின் பைகளெல்லாம் தண்ணீர் குடித்து, ஆளையே கீழே இழுத்தன. மருத மரத்து வேர் ஒன்று கைக்கு அகப்பட்டதால் கரையேறினார். அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு பையாகக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார். பிறகு சொன்னார்: "தப்பு ஆத்து மேல இல்லவே. இந்தச் சட்ட மேலதான். சாமான் பூரா நெஞ்சுல இருக்குல்லா. நெஞ்சு நனையாத வரைக்கும் போலாம், போலாம்னு காலு சொல்லுது."

அடுத்த ஞாயிறு இடுப்புப் பையோடு வந்து நின்றார். ஐந்தருவிக் கடைகளில் துண்டுக்கும் அரைக்கால் சட்டைக்கும் நடுவில் தொங்குமே, அந்தச் சாதாரணப் பைதான். பெல்ட்டை மட்டும் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து இரட்டைத் தையல் போட்டிருந்தார். "கண்டக்டர் அண்ணாச்சி, இலஞ்சிக்கு ஒரு டிக்கெட் குடும்" என்றேன். "நின்னுக்கிட்டு வாரீரா, உக்காந்துக்கிட்டு வாரீரா?" என்று கேட்டார். நான் கேலி செய்தாலும் அதில் வசதி இருந்ததை மறுக்க முடியாது. சித்திரை வெயிலில் சட்டைக்குள் வேகிற பாடு இல்லை. வீசும்போது நூல் வந்து சிக்குவதற்கு நெஞ்சில் எதுவும் தொங்கவில்லை. வீசுகிற நேரம் பையை முதுகுப் பக்கம் தள்ளிவிடுவார். ஈயை மாற்ற வேண்டுமென்றால் ஒரு இழுப்பில் முன்னால் சுழற்றிக்கொள்வார். ஆனால் அவர் அதைக் கட்டியது இதற்கெல்லாம் இல்லை. எங்கள் எல்லோரிடமும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "பை நனைஞ்சா திரும்பிரணும்." தண்ணீரில் இறங்கும்போது பைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டே நடப்பார். விரலில் தண்ணீர் பட்டதும் நின்றுவிடுவார். எதிர்க்கரையில் மீன் துள்ளினாலும் ஓர் அடி கூட முன்னால் வைக்க மாட்டார்.

பச்சைச் சட்டையிலிருந்து பைக்குச் சாமான் மாறியது என் கடை மேசையில். கழிவுச் சுவரொட்டி ஒன்றைத் திருப்பிப் போட்டு அதன்மேல் எல்லாவற்றையும் கொட்டினார். ஈக்கள் வைத்த டப்பா, நூல் சுருள், நகவெட்டி, கொக்கி கழற்றும் இடுக்கி, கடலை மிட்டாய். இவை பைக்குள் போயின. டார்ச், மழைக்கோட்டு, இரண்டாவது டப்பா எல்லாம் தள்ளுபடியாயின. கடைசியில் சட்டையின் முதுகுப் பையிலிருந்து ஒரு கயிற்றுச் சுருளை எடுத்தார். மெல்லிய நைலான் கயிறு. ஒரு முனையில் மரக்கட்டை ஒன்றைக் கட்டியிருந்தார். தண்ணீரில் யாராவது மாட்டிக்கொண்டால் கரையிலிருந்தே எறிவதற்காம். நாம் இறங்கக் கூடாது, கயிறுதான் இறங்க வேண்டும் என்று மலையில் சொல்லிக் கொடுத்தார்களாம்.

அதைப் பைக்குள் திணித்துப் பார்த்தார். ஜிப் மூடவில்லை. ஈ டப்பாவை எடுத்தால் மூடியது. டப்பாவை ஒரு கையிலும் கயிற்றை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கயிற்றைத் திரும்பச் சட்டையின் முதுகுப் பையில் வைத்தார். "இடுப்புக்கு மேல இனிமே போகவே போறதில்ல. பெறவு கயிறு எதுக்கு? பட்டாளத்துல சுமந்தது போதும்வே" என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. இன்றைக்கு யோசித்தாலும், அன்றைக்கு அது சரியாகத்தான் இருந்தது. அதுதான் என்னை அதிகம் கொல்கிறது. சட்டையை என் கடை ஆணியில் மாட்டிவிட்டு, "இது இங்கன கெடக்கட்டும். எப்பவும் கரையில நிக்கவருக்குத்தான் இது லாயக்கு" என்றார். அதன் முன்பைகளில் நான் பேனாவும் பிளேடும் டேப்பும் போட்டு வைத்துக்கொண்டேன். முதுகுப் பையைத் தொடவே இல்லை.

அவர் இறந்த அன்று நடந்ததை எனக்குச் சொன்னவர், அங்கே ஆற்று வளைவில் பஜ்ஜிக் கடை போட்டிருப்பவர். வெள்ளம் வந்தால் இசக்கிமுத்து ஆற்றுப் பக்கமே போக மாட்டார். அன்று பகலில் வெயில் அடித்துத் தண்ணீர் வடிந்திருந்தது. முழங்கால் அளவில் ஓரமாக நின்று தூண்டில் போட்டிருக்கிறார்.

"மூணு பயலுவ அண்ணாச்சி. வெளியூரு. அருவியில கூட்டம்னு இங்கன வந்து எறங்கிட்டானுவ, பாட்டிலோட. ஒருத்தன் வழுக்கி இழுவையில மாட்டிக்கிட்டான். மத்த ரெண்டு பேரும் கரையில நின்னு கத்துதானுவ. இசக்கிமுத்து அண்ணாச்சி பாத்தாவ. தூண்டில கீழ வச்சாவ. பெறவு முதுகுல கைய விட்டுத் தடவுனாவ, என்னத்தையோ தேடுத மாதிரி. ரெண்டு தடவ தடவுனாவ. பெறவு இடுப்புப் பையக் கழத்தி, பாறை மேல வச்சிட்டு எறங்கிட்டாவ."

இசக்கிமுத்து அவனைத் தள்ளிக் கொண்டுபோய்க் கரையோர மர வேர்ப் பக்கம் சேர்த்துவிட்டார். அங்கிருந்து அந்தப் பயல்கள் துண்டைப் போட்டு அவனை இழுத்துக்கொண்டார்கள். இவர் திரும்பி வரவில்லை. இவரை இழுக்க அவர்கள் துண்டும் போடவில்லை, அங்கே நிற்கவும் இல்லை. போலீஸ் வருவதற்குள் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. எங்கோ ஓர் ஊரில் அவன் இப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பான், கைபேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். நன்றாக இருக்கட்டும் என்று சொல்லத்தான் வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களில் பலர், ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டுப் போனார், பெரிய புண்ணியம் என்றார்கள். எனக்கு அந்தப் புண்ணியம் வேண்டாம். எனக்கு இசக்கிமுத்து வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை ஷட்டரைத் தட்டி, "வாரீரா, இல்ல போஸ்டரக் கட்டிக்கிட்டு அழப் போறீரா?" என்று கேட்கிற ஆள் வேண்டும்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு நாள் செல்வி மைனி வரச் சொன்னார். போலீஸ் திருப்பிக் கொடுத்த இடுப்புப் பை மேசைமேல் இருந்தது. பெல்ட்டின் கொக்கி போட்டபடி, ஜிப் மூடியபடி. பட்டாளத்துக்காரர், அந்த நேரத்திலும் சாமானை ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். மைனி ஜிப்பைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இது என்ன, இது என்ன என்று கேட்டார். நான் சொல்லிக்கொண்டு வந்தேன். நூல், நகவெட்டி, இடுக்கி. டப்பாவைத் திறந்ததும் இறகு ஈக்கள் வரிசையாக இருந்தன. கடலை மிட்டாய் உறைகூடப் பிரியவில்லை. எதிலும் ஒரு பொட்டுத் தண்ணீர் படவில்லை.

"இதுல இருக்க எதாவது அவியளக் காப்பாத்தியிருக்குமா அண்ணாச்சி? இதயும் கழத்தி வச்சிட்டுல்லா எறங்கியிருக்காவ. அதையே நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

"இல்ல மைனி. இதுல அப்படி ஒண்ணும் இல்ல."

அது உண்மைதான். மைனியின் முகத்தில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. அதோடு விட்டிருந்தால் நானும் எழுந்து வந்திருப்பேன். ஆனால் பஜ்ஜிக் கடைக்காரர் அவரிடமும் சொல்லியிருந்தார்.

"பெறவு முதுகுல என்னத்தத் தேடுனாவ?"

பொய் சொல்லியிருக்கலாம். வலித்திருக்கும், தடவியிருப்பார் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில், அந்தப் பைக்கு முன்னால் எனக்கு அது முடியவில்லை. பச்சைச் சட்டையைப் பற்றிச் சொன்னேன். முதுகுப் பையையும் கயிற்றையும் பற்றிச் சொன்னேன். அவசரத்தில் அவர் இடுப்பில் பை இருக்கிறது என்பதை மறந்து, சட்டை போட்டிருப்பதாகவே கை போயிருக்க வேண்டும் என்றும் சொன்னேன். மைனி எடுத்து வைத்ததையெல்லாம் திரும்பப் பைக்குள் போட்டார். ஜிப்பை மூடினார்.

"இப்ப அந்தக் கயிறு எங்க இருக்கு?"

"என் கடையில. அந்தச் சட்டையில."

"அத நீங்களே வச்சிக்கிடுங்க" என்றார். "இங்கன மட்டும் கொண்டு வந்திராதீங்க."

நேராகக் கடைக்கு வந்தேன். ஆணியிலிருந்து சட்டையைக் கழற்றி, முதல் முறையாக முதுகுப் பையைத் திறந்தேன். அவர் சுருட்டி வைத்தது வைத்தபடி இருந்தது. கயிற்றை எடுத்துக்கொண்டு அந்த வளைவுக்குப் போனேன். பஜ்ஜிக் கடைக்காரர் இடம் எது என்று மட்டும் கையைக் காட்டினார். பையைக் கழற்றி வைத்த அதே பாறைமேல் நின்றேன். எறிந்து பழக்கமில்லாத கை. கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கட்டையை வீசினேன். அது காற்றில் அவிழ்ந்து போய், அந்தப் பயல் மாட்டிக்கொண்ட இழுவையைத் தாண்டி அப்பால் விழுந்தது.

நனைந்த கயிற்றைக் கடையில் காயப்போட்டு, அவர் சுருட்டுவது போலவே சுருட்டி, முதுகுப் பையில் வைத்தேன். முன்பைகளில் இருந்த என் பேனாவையும் பிளேடையும் எடுத்துவிட்டேன். சட்டை ஆணியில் தொங்குகிறது. கடைக்கு வருகிறவர்கள் யாருடையது என்று கேட்கிறார்கள், சொல்கிறேன். இசக்கிமுத்துவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தக் கயிறு. அது எட்டுகிறது.